அண்டி ஆபீசும் ஐநாவும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ரொம்ப நாளா உங்க சைட் வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எனக்கு ஊரு கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம். எம்.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சிட்டு இருக்கேன். அம்மா அண்டி ஆபீசுல, அதான் முந்திரிக்கொட்டை ஆலைல, பருப்புத் தொலி உரிக்கற பீலிங்குக்குப் போறா, அண்ணன் தோஹாவுல எலக்ட்ரிக்கல் ஹெல்ப்பர்.

போன வாரம் ராத்திரி ஐநாவோட நீடித்த வளர்ச்சி இலக்கு 17-ஐயும் வரிசையா ஒப்பிச்சிட்டு இருந்தேன். முதல் இலக்கு வறுமை ஒழிப்பு, பத்தாவது ஏற்றத்தாழ்வக் குறைக்கறது, 17-வது இதுக்கெல்லாம் நாடுகள் சேந்து வேலை செய்யறது. அம்மா கீரை ஆய்ஞ்சிட்டே கேட்டுட்டு இருந்தா. "இதெல்லாம் ஆருக்கு மக்ளே?"ன்னா. "எல்லா நாடும் சேந்து ஒனக்குத் தாம்மா செய்யுது"ன்னு சொன்னேன். சிரிச்சா. அந்த சிரிப்பு எனக்கு மண்டைல இருந்து போகவே மாட்டேங்குது.

நீங்க முன்னால ஒரு கட்டுரைல சர்வதேச ஒப்பந்தங்கள லேசா நினைக்காதீங்கன்னு எழுதியிருந்தீங்க. நெஜமாவே அப்படித்தான் நினைக்கிறீங்களா? கோட்டு போட்டுட்டு ஜெனிவால கூடிப் பேசறதுக்கும் எங்கம்மா கூலிக்கும் என்னண்ணா சம்பந்தம்?

பேரு போட வேண்டாம்.

*

தம்பி,

முதல்ல அம்மாகிட்ட சொல்லு, அவங்க சிரிச்சது சரிதான். நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

எனக்க சித்தி ஒருத்தி நட்டாலம் பக்கம் அண்டி ஆபீசுல தல்லுறதுக்குப் போனவ. வறுத்த அண்டிய மரக்கட்டையால தட்டி பருப்பு உடையாம எடுக்கணும், உடைஞ்சா ரேட்டு கம்மி, அந்தத் தோட்டுல இருந்து வர்ற எண்ணெ கையில பட்டா பொள்ளிடும், சாம்பல தேய்ச்சுக்கிட்டு தான் உக்காருவாங்க. ஆறு மாசத்துல விரல் கறுத்துப் போகும், சோப்பு போட்டாலும் போகாது. கல்யாண வீட்டுல சித்தி சோறு விளம்ப வரவே மாட்டா. அடுக்களைல தேங்கா துருவிட்டு பாத்திரம் கழுவிட்டு அங்கேயே நிப்பா, கேட்டா இடுப்பு வலின்னுவா. உன் புக்குல சமூக விலக்கம்னு ஒரு வார்த்தை வரும் பாத்தியா, நாலு மார்க் கேள்வி, அதுக்கு எனக்குத் தெரிஞ்ச விளக்கம் இது தான். யாரும் அவள வராதேன்னு சொல்லல. அவளே வரல.

இப்ப வேடிக்கை என்னன்னா, கணக்கெடுக்கிறவங்க அளவுகோல்ல சித்தி ஏழையே கிடையாது. மத்திய அரசோட நிதி ஆயோக் பல பரிமாண வறுமைக் குறியீடுன்னு ஒண்ணு வச்சிருக்கு, ஐநாவும் ஆக்ஸ்போர்டும் 2010-ல சேந்து உண்டாக்கினத நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தினது, மொத்தம் 12 கேள்வி. வீடு, கரண்டு, கக்கூஸ், கேஸ் அடுப்பு, குடிதண்ணி, பேங்க் அக்கவுண்ட், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதா, இப்படி. 2015-16-ல நாட்டுல 24.85 சதவீதமா இருந்த வறுமை 2019-21-ல 14.96-க்கு வந்துடுச்சு, 13.5 கோடி பேர் வெளிய வந்துட்டாங்கன்னு அந்த அறிக்கை சொல்லுது. பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, பீகார்ல ஒரு வீட்டுக்கு கக்கூசும் கரண்டும் வர்றது சின்ன விஷயமா? ஆனா நம்ம மாவட்டத்துல அந்தக் கணக்குப்படி ஏழைங்கள தேடித்தான் பிடிக்கணும். 12 கேள்வில ஒண்ணு கூட "ஒனக்கு நாள் கூலி எவ்வளவு"ன்னு கேக்கல. அம்மா சிரிச்சதுக்கு காரணம் இதுவா இருக்கலாம், கேக்காமலே தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு.

சரி, சம்பந்தம் என்னன்னு கேட்ட. நீ உக்காந்து படிக்கிற வீட்டுக்குள்ளயே இருக்கு.

அந்த அண்டி ஆபீசு ஏன் கருங்கல்ல இருக்குன்னு என்னைக்காவது யோசிச்சியா? முந்திரித் தொழிலோட தலைநகரம் கொல்லம். 1956 நவம்பர் 1 வரைக்கும் கொல்லமும் நம்மளும் ஒரே ராஜ்யம், அப்புறம் களியக்காவிளைல மாநில எல்லைக் கோடு விழுந்தது. அந்தப் பக்கம் யூனியன் பலமாச்சு, கேரளா அரசு குறைந்தபட்சக் கூலிய ஏத்திச்சு, மொதலாளிங்க பாத்தாங்க, கோட்டுக்கு இந்தப் பக்கம் அதே கை, அதே வேகம், கூலி மட்டும் கம்மி. லாரில அண்டிய ஏத்தி இங்க கொண்டு வந்துட்டாங்க. அங்க சண்டை போட்டு கூலி வாங்கின பொம்பளைக்கு வேலை போச்சு, இங்க நம்மாளுக்கு கம்மிக் கூலில வேலை வந்தது. நாம அத "நம்ம ஊருக்குத் தொழில் வந்துச்சு"ன்னு சந்தோஷமா சொல்லிக்கிட்டோம். நானும் தான், சித்தி கொண்டு வந்த உடைஞ்ச பருப்ப தின்னுகிட்டே.

அப்புறம் வியட்நாம் வந்தான். அவன் உடைக்கறதுக்கு மெஷின் போட்டான், இன்னைக்கு உலகத்துக்கு முந்திரிப் பருப்பு ஏத்துமதி செய்யறதுல அவன் தான் முதல். நம்ம பக்கம் ஆபீசு பூட்டுறது, மாசத்துல பாதி நாள் வேலை இல்லன்னு சொல்றது எல்லாம் உனக்கே தெரியும். இதுக்கெல்லாம் வர்ற தோட்டண்டி, அதான் தோடு எடுக்காத அண்டி, அதுல பெரும்பகுதி ஆப்பிரிக்காவுல இருந்து வருது. ஐவரி கோஸ்ட் தான் உலகத்துலயே அதிகமா விளைவிக்கிற நாடு. இப்ப அவங்க கேக்கறாங்க, எங்க அண்டிய நாங்களே தல்லினா என்ன, எங்க பொம்பளைங்களுக்கு வேலை வேண்டாமான்னு. அங்கயே இருக்கற பெனின் நாடு 2024-லேர்ந்து தோட்டண்டி வெளிய போகக் கூடாதுன்னே தடை போட்டுட்டான். அவன் கேக்கறது நியாயம் இல்லன்னு சொல்ல முடியுமா? என்னால முடியல. ஆனா அந்த நியாயம் நடந்தா உங்கம்மாவுக்கு மாசத்துல இன்னும் நாலு நாள் வேலை குறையும்.

இத எந்த ஒரு அரசாங்கமும் தனியா சரி பண்ண முடியாது. தமிழ்நாடு கூலிய ஏத்தினா ஆபீசு வேற ஊருக்கு நகரும், இந்தியா ஏத்தினா வேற நாட்டுக்கு நகரும். இந்த எளவ நூறு வருஷத்துக்கு முன்னாலயே ஒரு கூட்டம் எழுதி வச்சிருக்கு. 1919-ல முதல் உலகப்போர் முடிஞ்சு வெர்சாய் ஒப்பந்தத்துல ஐஎல்ஓ, அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, உண்டாச்சு, அதோட சாசனத்து முகவுரைலயே இருக்கு, ஒரு நாடு தொழிலாளிய மனுஷனா நடத்தலன்னா அது மத்த நாடு நல்லது செய்யறதுக்கும் தடைன்னு. இந்தியா அதுல ஆரம்பத்துல இருந்தே உறுப்பினர், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துலயே. கொல்லம் – கருங்கல் கதைய ரெண்டு வரில எழுதினா அந்த முகவுரை தான் வரும்.

எழுதி வச்சதோட பாதிக்கு மேல நடக்கலைங்கறதும் உண்மை. 1996-ல சிங்கப்பூர்ல உலக வர்த்தக அமைப்பு மந்திரிங்க கூடினப்ப, தொழிலாளிய நடத்தற தரத்த வர்த்தகத்தோட கட்டிப் போடலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. எதிர்த்து நின்ன நாடுகள்ல இந்தியாவும் உண்டு. முதல்ல வாசிச்சப்ப எனக்குக் கோவம் தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா பயத்துக்கும் காரணம் இருக்கு, பணக்கார நாடு "உங்க கூலி சரியில்ல"ன்னு சொல்லி நம்ம சரக்க மொத்தமா வெளிய நிறுத்திட்டா இருக்கற கூலியும் போகும். அவனுங்க வாக்கு குடுத்த லட்சணமும் தெரிஞ்சது தானே, நாட்டு வருமானத்துல 0.7 சதவீதத்த ஏழை நாட்டுக்கு உதவியா குடுப்போம்னு 1970-ல ஐநாவுல தீர்மானம், அத ஒழுங்கா செஞ்ச நாடுகள விரல் விட்டு எண்ணிடலாம். அதனால உதவி, நிதி, மாநாடு இதுல எல்லாம் எனக்கும் பெரிய மதிப்பு கிடையாது. பொதுவா ஒரு ரூல் போடறாங்களா, மீறினா எங்கயாவது போய் கேக்க முடியுமா, அது மட்டும் தான் நான் பாக்கறது.

அப்படி நடந்த ஒண்ணு உங்க அண்ணன் சட்டைப் பையில இருக்கு.

2014-ல கத்தார் மேல ஐஎல்ஓவுல ஒரு புகார் போச்சு, அந்த வருஷம் ஐஎல்ஓ மாநாட்டுக்கு வந்த தொழிலாளர் பிரதிநிதிங்க குடுத்தது. கபாலா முறைல மொதலாளி சம்மதம் இல்லாம வேலை மாற முடியாது, நாட்ட விட்டும் கிளம்ப முடியாது, இது கட்டாய உழைப்புன்னு. 2022 உலகக்கோப்பை வேற வருது, உலகமே பாத்துட்டு இருக்கு. 2017-ல கத்தார் ஐஎல்ஓவோட மூணு வருஷ ஒப்பந்தம் போட்டுது, 2018-ல தோஹாவுலயே ஐஎல்ஓ ஆபீஸ் திறந்தாங்க. 2020-ல வேலை மாற பழைய மொதலாளிகிட்ட என்ஓசி, அதான் ஆட்சேபணை இல்லைங்கற கடுதாசி, வேண்டாம்னு சட்டம் வந்துச்சு. 2021 மார்ச்சுல இருந்து குறைந்தபட்ச சம்பளம் 1000 ரியால், சாப்பாடும் தங்கற இடமும் கம்பெனி தரலன்னா அதுக்கு 300-ம் 500-ம் தனியா. எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், வீட்டு வேலைக்காரி உட்பட, எல்லாருக்கும் ஒண்ணு. அந்தப் பிராந்தியத்துல அப்படி ஒண்ணு வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், சம்பள பாக்கி கதை நம்ம ஊருல வீட்டுக்கு ஒண்ணு இருக்கு. ஆனா 2013-ல போனவனுக்கு இல்லாத ஒரு சட்டம் இப்ப போறவனுக்கு இருக்கு.

இதே சமயத்துல நாம என்ன செஞ்சோம்னு கேளு. வளைகுடாவுக்குப் போற நம்மாளுக்கு இதுக்குக் கீழ சம்பளம் பேசக் கூடாதுன்னு டெல்லி ஒரு அளவு வச்சிருக்கும். 2020 செப்டம்பர்ல, கொரோனா நேரத்துல, அத 30-லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும் குறைச்சாங்க. காரணம், சம்பளம் அதிகம்னா நம்மாளு வேலை வேற நாட்டுக்காரனுக்குப் போயிடுமாம். எதிர்ப்பு வந்து, கோர்ட்டுக்குப் போய், அடுத்த வருஷம் வாபஸ் வாங்கினாங்க. களியக்காவிளை கதையே தான், லாரிக்கு பதிலா பிளைட்டு. இந்த மாதிரி விஷயங்கள சேந்து பேசத்தான், ஆள் அனுப்பற ஆசிய நாடுகள் 2003-ல கொழும்புல கூடி ஒரு அமைப்பு வச்சாங்க, கொழும்பு பிராசஸ்னு பேரு. சேந்து ஒரே ரேட்டு பேசலாம்னு பல வருஷமா பேசறாங்க, பேசிட்டே தான் இருக்காங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது எனக்கு தனிப்பட்ட எரிச்சல். பெல்ஜியம், ஜெர்மனி, ஜப்பான் மாதிரி நாடுகளோட இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கு, அங்க வேலை பாக்கற நம்ம ஐடி பையனுக்கு ஒரே சமயத்துல ரெண்டு நாட்டுலயும் காசு பிடிக்க மாட்டாங்க, ஒரு நாட்டுல மட்டும் தான், பென்ஷனுக்கு ரெண்டு நாட்டு சர்வீசையும் சேத்துக்கலாம். அதிகமா ஆள் போற வளைகுடா நாடு ஒண்ணோட கூட அப்படி ஒப்பந்தம் கிடையாது. வெயில்ல 20 வருஷம் நின்னவன் தான் வெறுங்கையோட மார்த்தாண்டத்துல வந்து இறங்கறான்.

வெளியில இருந்து வர்ற அழுத்தத்த நம்பாதேன்னு சொல்றவங்க நம்ம மாவட்டத்துல நிறைய. ஆனா தோள்சீலை விஷயத்துல, அதான் ஒடுக்கப்பட்ட சாதிப் பொம்பளைங்க மார்ப மறைச்சு துணி போடறதுக்கு நடந்த போராட்டத்துல, 1859-ல திருவிதாங்கூர் ராஜா இறங்கி வந்ததுக்கு மெட்ராஸ் கவர்னர் டிரெவெல்யன் குடுத்த அழுத்தம் ஒரு காரணம். அப்பவும் மேல்சாதிக்காரங்க மாதிரி உடுத்தக் கூடாதுன்னு ஒரு வாலு வச்சு தான் அறிவிச்சாங்க. ஆனா கவர்னர் கடுதாசி எழுதறதுக்கு முன்னால முப்பது, நாப்பது வருஷம் இங்க பொம்பளைங்க சந்தையில அடி வாங்கி, துணி கிழிபட்டு நின்னிருக்காங்க. அது இல்லன்னா அவரு எதப் பத்தி எழுதுவாரு?

ஆக, நீ ஒப்பிக்கறத நிறுத்த வேண்டாம், 17-ம் பரீட்சைக்கு வேணும். கூடவே மூணு வேலை செய். அண்ணன்கிட்ட அவனுக்க கான்ட்ராக்டையும் மூணு மாச சம்பள சிலிப்பையும் வாட்சப்புல கேளு, பேசிக் 1000 ரியாலுக்குக் கீழ இருக்கா, ஓவர்டைமையும் சாப்பாட்டுக் காசையும் உள்ள போட்டு 1000 ஆக்கி வச்சிருக்கானான்னு பாரு, அந்த வித்தை உண்டு. அம்மாவுக்கு பிஎஃப் பிடிக்கறாங்களான்னு கேளு, பிடிச்சா யுஏஎன்னு ஒரு பிஎஃப் நம்பர் இருக்கும், பாஸ்புக்க நீயே திறந்து பாக்கலாம். தமிழ்நாட்டுல முந்திரி ஆபீசுக்குன்னு தனியா குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு உண்டு, அத எடுத்து அம்மாவுக்க வாரக் கூலியோட வச்சு கணக்குப் போடு, நீ எகனாமிக்ஸ் படிச்சவன் தானே. வித்தியாசம் எவ்வளவுன்னு எனக்கு எழுது, அம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டு. இந்தத் தடவை சிரிக்கறாங்களான்னு பாப்போம்.

அன்புடன்.