இலங்கைக்கு வந்த ஸ்காட்லாந்து துரையோட அப்பா அம்மாவ தேடறது எப்படி?

கேள்வி: எங்க பாட்டியோட தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். இலங்கைல காப்பித் தோட்டத்துல துரையா இருந்து 1884ல இறந்துட்டார். கல்லறைல பேரும், அபர்டீன்ஷயர் சேர்ந்தவர், வயசு 52ன்னும் மட்டும்தான் இருக்கு. ஸ்காட்லாந்து சர்ச் பதிவேட்டுல தேடினா அதே பேர்ல, அதே காலத்துல ஆறு குழந்தைங்க வராங்க. இதுல யார் எங்க ஆளுன்னு எப்படி சொல்றது? பக்கத்தோட படம் பாக்கணும்னா ஒவ்வொண்ணுக்கும் காசு கேக்கறாங்க.

பதில்: மொதல்ல அந்த ஆறு படத்தையும் வாங்கற ஐடியாவ விடுங்க. வாங்கினாலும் பதில் கிடைக்காது. 1832 வாக்குல ஒரு பாரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) பதிவேட்டுல ஒரு ஞானஸ்நானத்துக்கு எழுதறது ரெண்டு மூணு வரிதான், அப்பா பேரு, அம்மா பேரு, எந்த ஊரு இல்ல எந்த பண்ணை, தேதி, சில சமயம் சாட்சிங்க. அந்தப் பையன் வளந்து கப்பலேறி இலங்கை போனான்னு அங்க யாரும் எழுதி வைக்கப் போறதில்ல. அதனால பாரிஷ் பதிவேடு நீங்க கடைசியா போய் சேர வேண்டிய எடம், எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கறாங்க.

ஸ்காட்லாந்துல 1855 ஜனவரி 1லேர்ந்துதான் அரசாங்கமே பிறப்பு, கல்யாணம், இறப்பு பதிவு பண்ணுது. அதுக்கு முன்னாடி இருக்கறது சர்ச் ஆஃப் ஸ்காட்லாண்ட் பாரிஷ் பதிவேடுகள், ரொம்ப பழசு பெர்த்ஷயர்ல எரல்ங்கற ஊரோடது, 1553. உங்க ஆள் 1832ல பொறந்துட்டார், செத்தது இலங்கைல, ஸோ அரசாங்க சர்டிஃபிகேட் அவருக்கு ஸ்காட்லாந்துல எதுவும் இருக்க வாய்ப்பில்ல. ஆனா ஊர்லயே தங்கின அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கு இருக்கும்ல! 1855க்கு அப்புறம் அங்க செத்தவங்க சர்டிஃபிகேட்ல அப்பா பேரு, அவர் வேலை, அம்மாவோட பேரு, அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குடும்பப் பேரோட இருக்கும். இங்கிலாந்துல அதே காலத்து இறப்பு சர்டிஃபிகேட்ல இதெல்லாம் கிடையாது, அதனால ஸ்காட்லாந்து பூர்வீகம்னா ஒரு விதத்துல நீங்க அதிர்ஷ்டசாலி. அதுலயும் அப்பாவோ அம்மாவோ சரியா 1855ங்கற ஒரே வருஷத்துல செத்திருந்தா லாட்டரிதான், அந்த வருஷ ஃபார்ம்ல செத்தவங்க பெத்த பிள்ளைங்க பேரு வயசு எல்லாமே கேட்டாங்க, எழுதற வேலை ஜாஸ்தின்னு அடுத்த வருஷமே அத எடுத்துட்டாங்க.

இப்ப வேலைய ஆரம்பிங்க. ஸ்காட்லாந்து அரசாங்கத்தோட பதிவேட்டு சைட்டான ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்ல தேடறது ஃப்ரீ, படத்துக்குதான் காசு. பிறப்பு ரிசல்ட் லிஸ்ட்லயே அப்பா அம்மா பேரும் பாரிஷும் காட்டும், அத ஒரு பேப்பர்ல ஆறு குடும்பமா எழுதிக்கங்க. அப்புறம் குழந்தை பேர காலியா விட்டுட்டு பெத்தவங்க பேர மட்டும் போட்டு தேடுங்க, கூடப் பொறந்தவங்க வரிசையா வருவாங்க. ஃபேமிலிசர்ச்ங்கற வம்சாவளி சைட்லயும் இதே மாதிரி பண்ணலாம், அது முழுக்க ஃப்ரீ.

அடுத்து சென்சஸ். 1841ல உங்க ஆளுக்கு எட்டு ஒம்பது வயசு, வீட்லதான் இருந்திருப்பார். அந்த சென்சஸ்ல 15 வயசுக்கு மேல இருக்கறவங்க வயச அஞ்சின் மடங்குக்கு கொறச்சு எழுதினாங்க, 34 வயசு அம்மா 30ன்னு இருப்பாங்க, அத பாத்து இவங்க வேற ஆளுன்னு தள்ளிடாதீங்க. யாருக்கு யார் என்ன உறவுன்னும் அதுல இருக்காது, 1851லதான் உறவும் பொறந்த பாரிஷும் வரும். ஆறு பேர்ல 1871லயும் 1881லயும் அங்கயே உழுதுட்டு இருக்கறவன் உங்க ஆள் இல்ல, அடிச்சிடுங்க. சின்ன வயசுல செத்தவனையும் அடிச்சிடுங்க, ஆனா 1855க்கு முன்னாடி அடக்கப் பதிவு நெறய பாரிஷ்ல சுத்தமா கிடையாது, ஸோ செத்ததுக்கு பதிவு இல்லன்னா உயிரோட இருந்தார்னு அர்த்தம் இல்ல. இந்த மாதிரி கழிச்சு கழிச்சு வரதுதான் நெஜமான வேலை, போரடிக்கும், வேற வழி இல்ல.

இனி இலங்கைய ஸ்காட்லாந்தோட சேத்துக் கட்டற ஆதாரம் வேணும். எனக்கு ரெண்டு எடத்துல நம்பிக்கை ஜாஸ்தி. ஒண்ணு, கன்ஃபர்மேஷன் காலண்டர். உயில் விவகாரத்த ஸ்காட்லாந்து கோர்ட் உறுதி பண்றதுக்கு அந்தப் பேரு, 1876லேர்ந்து வருஷா வருஷம் அச்சுல லிஸ்ட் போட்டாங்க. அங்க பேங்க்ல அவருக்கு கொஞ்சம் பணம் இருந்தாலும் 1884லயோ அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலயோ பேரு வரலாம், சொத்த பாத்துக்கறவர்னு பல தடவ அண்ணன் தம்பி பேரே இருக்கும். இன்னொண்ணு, அவங்க ஊர் கல்லறைக் கல்லு. ஸ்காட்லாந்துல அப்பா அம்மா கல்லுலயே வெளிநாட்டுல செத்த பிள்ளை பேரையும் வெட்டற பழக்கம் உண்டு, சிலோன்ல இறந்தார்னு ஒரு வரி கிடைச்சா கதை முடிஞ்சுது. அபர்டீன்ல இருக்கற வடகிழக்கு ஸ்காட்லாந்து குடும்ப வரலாற்றுச் சங்கம் சர்ச் வாரியா இந்தக் கல்வெட்டெல்லாம் படிச்சு சின்னச் சின்ன புக்கா போட்டிருக்காங்க, ஆறு குடும்பத்தோட பாரிஷுக்கு மட்டும் வாங்கினா போதும்.

பேர் வைக்கற முறையும் கை குடுக்கும். மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, நம்ம ஊர்ல தாத்தா பாட்டி பேர வைக்கற மாதிரிதான். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் வீட்ட பாருங்க, அப்பாவோட அப்பா ராபர்ட், அதனால மூத்தவர் ராபர்ட், அம்மாவோட அப்பா கில்பர்ட் பிரவுன், ரெண்டாவது பையன் கில்பர்ட். உங்க துரை இலங்கைல தன் பிள்ளைங்களுக்கு வெச்ச பேர அந்த ஆறு குடும்பத்தோட ஒப்பிட்டு பாருங்க. இது சட்டம் இல்ல, வழக்கம், அதனால இத மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

ஸ்பெல்லிங்க பிடிச்சு தொங்காதீங்க. பர்ன்ஸ் அப்பா தன் பேர பர்னஸ்னு எழுதுவார், 1759ல ஏர் பாரிஷ் பதிவேட்டுல எழுதினவர் பர்ன்ஸ்னு போட்டுட்டார். ஜேனட்டும் ஜெஸ்ஸியும் ஒரே பொம்பளையா இருக்கலாம், பீட்டரும் பேட்ரிக்கும் அப்படித்தான், எல்ஸ்பெத்தும் எலிசபெத்தும் அப்படித்தான். பாரிஷ் மாறினாலும் பயப்படாதீங்க, அந்தப் பக்கம் பண்ணை ஆளுங்க ஒப்பந்தம் ஆறு மாசம், ஒரு வருஷம்னுதான் இருக்கும், முடிஞ்சதும் வேற பண்ணை, ஸோ மூணு குழந்தை மூணு பாரிஷ்ல பதிவாகியிருக்கும்.

ஆறு பேருமே கழிஞ்சுட்டா? அவர் அந்தப் பதிவேட்டுலயே இல்லன்னு அர்த்தம். 1733லேர்ந்தே சர்ச் ஆஃப் ஸ்காட்லாண்ட விட்டுப் பிரிஞ்சு போன சபைகள் இருந்துச்சு, அபர்டீன்ஷயர்ல எபிஸ்கோபல்காரங்களும் (பிஷப்மார் இருக்கற தனி சபை) கத்தோலிக்கரும் கணிசமா உண்டு, அவங்க பதிவு தனி. கல்யாணம் ஆகாம பொறந்த குழந்தைங்களும் அந்த மாவட்டத்துல நெறய, அப்படின்னா அப்பா பேர் இல்லாம அம்மா குடும்பப் பேர்ல பதிவாகியிருக்கலாம். அந்த மாதிரி கேஸுக்கு கர்க் செஷன்னு பாரிஷ் சர்ச் பெரியவங்க சபையோட மினிட்ஸ் புக் பாருங்க, பொண்ண கூப்பிட்டு அப்பா யார்னு விசாரிச்சத அப்படியே எழுதி வெச்சிருப்பாங்க. பர்ன்ஸும் ஜீன் ஆர்மரும் முறையில்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டத 1788ல ஒத்துக்கிட்டது மாக்லின் செஷன் புக்குலதான் இருக்கு. இந்த புக்கோட படங்கள் அதே சைட்டுல ஃப்ரீ, ஆனா பேர் இண்டெக்ஸ் கிடையாது, பக்கம் பக்கமா பொரட்டணும், ராத்திரி தூக்கம் போகும், அவ்ளோ வம்பு இருக்கும்.

இதெல்லாம் சேந்து ஒரே குடும்பத்த காட்டினப்புறம் அந்த ஒரு ஞானஸ்நானப் படத்த மட்டும் வாங்குங்க. வாங்கினா சாட்சி பேர கவனிங்க, பெரும்பாலும் மாமா, சித்தப்பா, பக்கத்து பண்ணைக்காரர், அடுத்த தலைமுறைக்கு மேல போறதுக்கு அதுதான் நூல். அப்படி மேல போறப்ப துரையோட அப்பாவோட பிறப்பு 1783க்கும் 1794க்கும் நடுவுல வந்துச்சுன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அப்ப ஒவ்வொரு பதிவுக்கும் மூணு பென்ஸ் வரி போட்டாங்க, அத குடுக்க மாட்டேன்னு நெறய ஏழைங்க பதிவே பண்ணல, அங்க கூடப் பொறந்தவங்க வழியாதான் மறுபடி சுத்தி வரணும்.