வலென்சியாவுக்குக் குடிபோகும் முன்: முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம்

கேள்வி: என் கணவருக்கு ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊர், குழந்தைகளுக்குச் சிரமமே இருக்காது என்கிறார்கள். வீடு, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் எதை முதலில் பார்ப்பது? இங்கிருந்தே என்னென்ன தயார் செய்ய வேண்டும்? (கோவை வாசகி)

பதில்: வீட்டைத்தான். அந்த ஊரில் பள்ளியும் மருத்துவமும் முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதை மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், ‘பத்ரோன்’ என்பார்கள். பள்ளியில் இடம் கேட்கவும், ‘சிப்’ என்னும் மருத்துவ அட்டை வாங்கவும் இந்தச் சான்றைத்தான் கேட்பார்கள்.

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத புதியவருக்கு நீண்ட கால வாடகை ஒப்பந்தம் தர வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். சரி, தற்காலிக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினால், “இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது” என்று சிலர் நிபந்தனை போடுவார்கள். உண்மையில் குடியிருக்கும் இடத்தில் பதிவு செய்வது சட்டப்படி உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனாலும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்; மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். நிரந்தரக் குடியிருப்பு ஒப்பந்தத்தில் சட்டப்படியான முன்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதம் என்று அதிகபட்சம் இரண்டு மாதம் கேட்கலாம். 2023 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு, இத்தகைய ஒப்பந்தத்தில் தரகுக் கட்டணம் வீட்டுக்காரர் தலையில்தான். உங்களிடம் கேட்டால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

என் யோசனை, கணவர் சில வாரம் முன்னால் போய் வீட்டை முடிக்கட்டும். நீங்களும் குழந்தைகளும் அப்புறம் போகலாம். தாற்காலிக அறைக்கும் நிரந்தர வீட்டுக்கும் நடுவே குழந்தைகள் பள்ளி மாறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீடு பார்க்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, வெள்ளம். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பைபோர்த்தா, கத்தரோகா, அல்ஃபஃபார் போன்ற ஊர்கள் கடுமையாக அடிபட்டன. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டிருந்ததால் நகரத்தின் பெரும்பகுதி தப்பியது. ஆறு ஓடிய பழைய பள்ளம் இப்போது நீண்ட பூங்கா; உங்கள் பிள்ளைகள் அங்கேதான் கிடப்பார்கள், ‘கல்லிவர்’ என்னும் ராட்சத உருவச் சறுக்குமரத்திலிருந்து கூட்டிவருவதே பெரும்பாடாக இருக்கும். தெற்குப் புறநகரில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் வெள்ள அபாய வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும். தரைத்தளம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, குளிர். சொன்னால் சிரிப்பார்கள். ஜனவரிப் பகலில் 16, 17 டிகிரி, இரவில் 7 டிகிரி அளவில் இருக்கும். வெளியே வெயில் சுகமாக இருக்கும். கோடையை நினைத்துக் கட்டிய, ஓடு பதித்த தரையுள்ள வீட்டுக்குள் நடுங்கும். பழைய அடுக்ககங்கள் பலவற்றில் முறையான சூடாக்கும் வசதியே கிடையாது. சூடான காற்றும் தரும் ஏசி இருக்கிறதா, சன்னல் தெற்குப் பார்த்திருக்கிறதா, சுவர் மூலையில் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வீசிங் இருக்கும் குழந்தையென்றால் பூஞ்சை வீட்டை யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்.

பள்ளிக்கு வருவோம். அங்கே வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த ஆண்டு. எந்த ஆண்டில் 6 வயது நிறைகிறதோ அந்த ஆண்டு செப்டம்பரில் தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு, அதிலிருந்து கட்டாயக் கல்வி. 3 வயது நிறையும் ஆண்டில் மழலையர் வகுப்பு. கட்டாயமில்லை, அரசுப் பள்ளியில் கட்டணமும் இல்லை. வழக்கமான சேர்க்கை வசந்த காலத்தில் நடக்கும். நீங்கள் நடுவில் போவதால், காலி இடம் இருக்கும் பள்ளியைத்தான் தருவார்கள். இருவருக்கும் ஒரே பள்ளி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

ஸ்பானிஷோடு, அந்தப் பகுதி மொழியான வலென்சியானோவும் பள்ளி மொழி. இரண்டு புது மொழியா என்று பயந்து கையிருப்பையெல்லாம் சர்வதேசப் பள்ளிக்குக் கொட்ட வேண்டாம் என்பேன். ஓரிரு ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதில் அர்த்தம் உண்டு. இந்த வயதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு படிப்பதுதான் மொழிக்கு வழி. மகன் முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது இயல்பு. வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். சைவமென்றால், பள்ளிச் சாப்பாட்டில் மாற்று உணவு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். அரிசி விளையும் ஊர்தான், ஆனால் சோற்றில் கோழியோ முயலோ மீனோ கிடக்கும்.

இனி, கோவையிலேயே முடிக்க வேண்டியவை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா? நம் இனிஷியல் வழக்கத்தால் வரும் தொல்லை இது. ஸ்பெயின் படிவங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அலுவலகத்துக்கு ஒரு விதமாக நிரப்பிவிடுவார்கள். விசாவுக்கு முன்பே நால்வர் பாஸ்போர்ட்டையும் சரிசெய்யுங்கள். அம்மாவுக்கு வேறு குடும்பப் பெயர் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுவதில்லை.

குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவமனையிலிருந்து வந்தபடியே பெயரில்லாமல் கிடக்கும் சான்றிதழ்கள் நம்மிடம் ஏராளம். பெயர் சேர்த்த பிறகு, அதற்கும் திருமணச் சான்றிதழுக்கும் வெளியுறவுத் துறையின் ‘அபோஸ்டில்’ முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை, வாங்க வேண்டும். அதற்குப் பிறகே ஸ்பெயின் அரசின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் முத்திரைப் பகுதியை மொழிபெயர்க்க மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும்.

தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். அரசு மையத்தில் போட்டிருந்தால் தட்டம்மை, ரூபெல்லா மட்டும் இருக்கும். பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை ஊசிகள் விடுபட்டிருக்கும். இரண்டும் அங்கத்திய அட்டவணையில் உண்டு. பிறந்தவுடன் பிசிஜி போட்டதையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், காசநோய்த் தோல் சோதனை செய்தால் அதைப் பொருட்படுத்துவார்.

போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான நேரம் ஒதுக்கீடு லேசில் கிடைக்காது, இறங்கிய அன்றே தேட ஆரம்பியுங்கள்.