கல்ச்சர் ரிப்போர்ட் நிறைய 'ஆர்': ஊசிதான் வழியா?

கேள்வி: நான் 54 வயதுப் பெண், சர்க்கரை நோய் உண்டு. நீர்க்கடுப்பு வந்தால் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடுவேன். எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவேன். இம்முறை கேட்கவில்லை. சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) 'ஈ.கோலை, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. பாதி மருந்துகளுக்கு நேரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்று. காய்ச்சல் இல்லை. ஊசி போட்டே ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. அதே ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற இரண்டு மருந்துகளையும் தேடிப் பாருங்கள். நேரே 'எஸ்' இருந்தால் அந்த மருந்துக்குக் கிருமி இன்னும் அடங்கும் என்று பொருள்.

'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்பார்கள். பழகியது கிருமிக்குத்தான். ஈ.கோலை என்ற இந்தக் கிருமியின் சொந்த வீடு நம் குடல். நீங்கள் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் குடலுக்கும் போகிறது. அங்கே எளிதில் சாகும் கிருமிகள் செத்து, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. அடுத்த முறை சிறுநீர்ப் பாதையில் ஏறுபவை அவைதான். இ.எஸ்.பி.எல். என்பது செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை உடைத்தெறிய கிருமி சுரக்கும் நொதி. அதற்கான மரபணு இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையத்திலேயே வேறு சில மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் இருப்பதுண்டு. ஒரு கிருமி அதை அப்படியே இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். 'ஆர்' வரிசையாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நைட்ரோஃபுரான்டாயின் 1950களிலிருந்து புழக்கத்தில் உள்ள பழைய மருந்து. சிறுநீரில் செறிந்து சேர்வதால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் நன்றாகக் கேட்கிறது. வழக்கமாக 5 நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் பழுப்பாகப் போனால் பயப்படாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. சர்க்கரை இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே டாக்டர் எழுதுவார். ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி. தண்ணீரில் கரைத்து ஒரே வேளை.

குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி ஏதாவது வந்தால் கணக்கே வேறு. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே இவ்விரண்டும் போதாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அப்போது ஊசி தேவைப்படலாம்.

எரிச்சல் போன பின் 'கிருமி போயிற்றா' என்று மறுபடி கல்ச்சர் எடுக்காதீர்கள். தொந்தரவு தராத கிருமியை, சர்க்கரை நோயாளியானாலும், மருந்தால் துரத்த வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கும் வேறு விதி. மாதவிடாய் நின்றிருந்தால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மகளிர் நோய் மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி வருவதைக் குறைக்கும்.

அடுத்த முறை கடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே நடுத்தாரைச் சிறுநீரை (முதலில் வருவதை விட்டு இடையில் வருவது) கிருமி நீக்கிய டப்பாவில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.