மியூராவுக்கு இமைமயிர் உண்டா?

கேள்வி: லம்போர்கினி மியூரா காரின் 1/24 அளவு மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டியின் மேல் ‘எஸ்வி’ என்று போட்டிருக்கிறது. ஆனால் முகப்பு விளக்குகளின் மேலும் கீழும் இமைமயிர் போலக் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. எஸ்வி படங்கள் சிலவற்றில் அவை இல்லை. எது சரி?

பதில்: இமைமயிரை இப்போதைக்கு விடுங்கள். நான்கு டயர்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே அகலம் என்றால் உங்களிடம் இருப்பது மியூராவின் முந்தைய வகைகளான பி400 அல்லது எஸ். பின்டயர்கள் தடித்து, அவற்றை மூடும் மட்கார்டும் வெளியே புடைத்திருந்தால் அதுதான் கடைசி வகையான எஸ்வி. 1971இல் வந்த எஸ்வியில் இமைமயிரை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உரிமையாளர் கேட்டதால் அதை வைத்துக்கொண்ட எஸ்விகள் உண்டு. பழைய வண்டியைப் பிற்காலத்தில் எஸ்வி போல மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. படங்கள் உங்களைக் குழப்புவது இதனால்தான். எஸ்வி மொத்தமே சுமார் 150தான் செய்யப்பட்டது.

இந்த வண்டியின் அழகுக்கெல்லாம் அடிப்படை இயந்திரம் உட்கார்ந்திருக்கும் விதம். ஜியான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் ஆகிய மூன்று லம்போர்கினி இளைஞர்கள் பந்தயக் கார் போன்ற ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார்கள். 3929 சிசி வி12 இயந்திரத்தை (இரு வரிசையில் பன்னிரண்டு சிலிண்டர்கள்) நீளவாக்கில் வைத்து, பின்னால் கியர்பாக்ஸையும் சேர்த்தால் வண்டி நீண்டுவிடும். ஆகவே இருக்கைக்குப் பின்னால் குறுக்காகத் திருப்பினார்கள். கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். கடைசி எஸ்விகளில்தான் அதைப் பிரித்தார்கள். 1965 நவம்பரில் டூரின் கண்காட்சியில் உடல் இல்லாத வெறும் அடிச்சட்டத்தைத்தான் வைத்தார்கள். கார் உடல்களை வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ கான்டினி அதற்கு உடல் வரைந்தார். அப்போது அவருக்கு 27 வயது. 1966 மார்ச்சில் ஜெனீவாவில் ஆரஞ்சு நிறத்தில் முழு வண்டி நின்றது. விளக்குகள் அணைந்திருக்கும்போது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும்; எரியும்போது எழும். படுத்த விளக்கின் விளிம்பில் கான்டினி வைத்த அந்தக் கறுப்புக் கோடுகள்தான் வண்டிக்கு ஒரு முகத்தைத் தந்தன என்பேன்.

இனி உங்கள் மாதிரிக்கு வருவோம். பின்புறம் புடைத்திருந்தால் இமைமயிரை நைஸான உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். புடைக்கவில்லை என்றால் மட்கார்டை அகலமாக்கப் புட்டி பூசிப் போராட வேண்டாம். எஸ் ஆகவே முடித்துவிடுங்கள். ஜன்னலையும் விளக்கையும் சுற்றி மெல்லிய குரோம் கோடு இழுத்தால் போதும், 1968இன் எஸ் வந்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் பட்டைக்கும் சக்கரத்துக்கும் ஒரே வெள்ளி நிறம் கொடுங்கள். தங்க நிறமும் பொருந்தும்.

பின்மூடியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதன் அடியில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் நான்கு வெபர் கார்புரேட்டர்கள், சிலிண்டர் வரிசைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று வாய். பன்னிரண்டு வாயும் தெரிய வேண்டும்.