வாசகர் கேள்வி பதில்: கத்தோலிக்க வீட்டில் அங்கிலிக்கன் மாலைச் செபம்

கேள்வி: அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபையில் வளர்ந்தவள் நான். கத்தோலிக்கத்தில் சேர்ந்து பூசை காண்கிறேன். பழைய ஜெபப் புத்தகத்தின் மாலை ஆராதனை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதை வீட்டில் சொல்வது பிழையா? எப்படிச் சொல்வது? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: பிழையே இல்லை. 1549இல் கன்ரர்பரிப் பேராயர் கிரான்மர் அந்த ஆராதனையை ஒழுங்குபடுத்தியபோது, துறவிகள் மாலையிலும் படுக்கைக்கு முன்னும் சொல்லிவந்த இரண்டு இலத்தீன் செபங்களை ஒன்றாகச் சேர்த்தார். மரியாளின் பாடல் மாலைப்புகழில் இருந்து வந்தது, சிமியோனின் பாடல் இரவுச் செபத்தில் இருந்து வந்தது. 'எங்கள் இருளை ஒளியாக்கும்' என்று தொடங்கும் மன்றாட்டும் பழைய இலத்தீன் இரவுச் செபத்தினுடையதே. நீங்கள் விரும்புவது கத்தோலிக்கப் பெட்டகத்தில் இருந்து போய், வேறொரு வீட்டில் அழகாகப் பேணப்பட்ட பொருள். அதனால்தான் 2009 நவம்பர் 4ஆம் திகதியிட்ட ஆணையில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற், அங்கிலிக்கன் சபையிலிருந்து வருவோர் தங்கள் வழிபாட்டு மரபைக் கூடவே கொண்டுவர வழிசெய்தார்.

இனி முறை. பாவ அறிக்கையோடு தொடங்குங்கள். அதற்கு அடுத்து வரும் பாவமன்னிப்பு அறிவிப்பு குருவுக்கு மட்டும் உரியது. வீட்டில் பலர் அதையும் சேர்த்து வாசித்துவிடுகிறார்கள். அதை விட்டு, 'ஆண்டவரே, எங்களை மன்னித்தருளும்' என்று எல்லோருமாக மன்றாடினால் போதும். பிறகு கர்த்தர் கற்பித்த செபம், 'ஆண்டவரே, எங்கள் உதடுகளைத் திறந்தருளும்', திரித்துவப் புகழ், சங்கீதங்கள்.

ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று 60 பங்காகப் பிரித்திருக்கிறது. 1ஆம் திகதி மாலை 6, 7, 8. 4ஆம் திகதி மாலை 22, 23. 31ஆம் திகதி வந்தால் 30ஆம் திகதிக்குரியதையே திரும்பச் சொல்வது வழக்கம். குடும்பங்கள் தடுக்கி விழுவது 15ஆம் திகதி மாலையில்தான், அன்று 78ஆம் சங்கீதம், 72 வசனங்கள். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அன்று பாதியோடு நிறுத்துங்கள், குற்றமில்லை. 24ஆம் திகதி மாலை தொடங்கும் 119 ஐந்து நேரங்களுக்குப் பிரிந்திருப்பதால் அவ்வளவு பாரமாக இராது.

இரண்டு பக்கமாகப் பிரிந்து ஒரு வசனம் இவர்கள், அடுத்தது அவர்கள் என்று சொல்லுங்கள். வசனத்தின் நடுவில் ஒரு மூச்சு நிற்கவேண்டும், வசன முடிவில் நிற்கக்கூடாது. நடு நிறுத்தம் இல்லையென்றால் ஒருவர் ஓட மற்றவர் இழுபட, ஐந்தாம் வசனத்துக்குள் குழம்பிவிடும். எல்லோர் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருப்பதும் முக்கியம். ஒருவர் 'கர்த்தர்' என்றும் மற்றவர் 'ஆண்டவர்' என்றும் சொன்னால் குரல் ஒன்றுசேராது. மிகப் பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். அங்கே 50 என்பது உங்கள் 51.

அடுத்து வருவதுதான் இந்த ஆராதனையின் உயிர். பழைய ஏற்பாட்டு வாசகம், மரியாளின் பாடல், புதிய ஏற்பாட்டு வாசகம், சிமியோனின் பாடல். வாக்குத்தத்தம் வாசிக்கப்படுகிறது, அது தன்னில் நிறைவேறுவதை மரியாள் பாடுகிறார். நற்செய்தி வாசிக்கப்படுகிறது, கண்ணால் கண்டுவிட்டேன் என்று சிமியோன் விடைபெறுகிறார். நேரம் போதாதென்று வாசகங்களை வெட்டிவிட்டு இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் பாடினால் இந்த ஓட்டம் அறுந்துபோகும். வாசகத்தை அரை அதிகாரமாகக் குறையுங்கள், இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். பிறகு அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், மீண்டும் கர்த்தர் கற்பித்த செபம், மூன்று மன்றாட்டுகள்: அன்றைய நாளுக்குரியது, சமாதானத்துக்கானது, இருள் நீங்கக் கேட்பது. முடிவில் மாதாவை நோக்கிய 'கிருபை தயாபத்து' மந்திரத்தைச் சேர்த்தால் உங்கள் வீட்டுக்காரருக்கும் அது சொந்தமாகிவிடும். எல்லாம் அரை மணிக்குள் அடங்கும்.

கேள்வி: மாலை ஆராதனைக்கு அங்கிலிக்கன் கோயிலுக்கே போகலாமா? அங்கே நன்மை (நற்கருணை) வாங்கலாமா? (வாசகர், வவுனியா)

பதில்: ஆராதனைக்குப் போகலாம், சேர்ந்து செபிக்கலாம், பாடலாம். நன்மை வாங்கக்கூடாது. அங்கிலிக்கன் குருத்துவம் செல்லாது என்று 1896இல் திருத்தந்தை 13ஆம் லியோ தீர்ப்பளித்தார், அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ஞாயிறு பூசைக் கடனும் அங்கே நிறைவேறாது. இது மனதுக்கு நோவான இடம் என்பது தெரியும், ஆனாலும் மறைத்துச் சொல்வது உங்களுக்கு நன்மை செய்யாது.

இன்னொன்று. வன்னியில் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களும் இருக்கின்றன. அவை அமெரிக்க மிசனின் வழிவந்த யாழ்ப்பாண ஆதீனத்தைச் சேர்ந்தவை. நீங்கள் தேடும் ஜெபப் புத்தக முறை வேண்டுமென்றால் கொழும்பு ஆதீனத்துக்குட்பட்ட இலங்கைத் திருச்சபைக் கோயிலைத்தான் பார்க்கவேண்டும்.

கேள்வி: அங்கிலிக்கன் மரபில் கத்தோலிக்கப் பூசை உண்டாமே, எங்கள் பங்கில் பாதர் வைக்க முடியாதா? (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: முடியாது. 2015ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் நடைமுறைக்கு வந்த அந்தப் பூசைப் புத்தகம் ஆங்கிலத்தில் உள்ளது. அது 'ஓர்டினரியேற்' எனப்படும் தனி ஆட்சியமைப்புகளுக்கு உரியது. இங்கிலாந்து, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகியவற்றை மையமாகக் கொண்ட மூன்றே இருக்கின்றன, இலங்கையில் இல்லை. நாமாகத் தமிழாக்கி வைப்பதும் ஆகாது. மாலைச் செபத்தைக் கோயிலில் பொதுவாகச் சொல்ல விரும்பினால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், அதற்கு இடமுண்டு.

கேள்வி: மகன் லண்டனில் இருக்கிறான். அந்தப் பூசையில் அவன் நன்மை வாங்கலாமா? நாங்கள் பிறவிக் கத்தோலிக்கர், மருமகள் மட்டும் அங்கிலிக்கனாக இருந்து சேர்ந்தவள். (வாசகி, வவுனியா)

பதில்: தாராளமாக வாங்கலாம், ஞாயிறு கடனும் நிறைவேறும். அது முழுக்கக் கத்தோலிக்கப் பூசை, அதன் நற்கருணை மன்றாட்டு பழைய உரோமை மன்றாட்டே. நன்மைக்கு முன் சொல்லும் 'உமது பந்தியின் கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் தகுதியற்றோம்' என்ற செபத்தை மகன் கவனித்துக் கேட்கட்டும். கானானியப் பெண்ணின் வார்த்தையை அப்படியே எடுத்துப் பந்திக்குப் போகும் செபம் அது. மத்திய லண்டனில் வோர்விக் தெருவிலுள்ள விண்ணேற்பு அன்னை, புனித கிரகரி கோயில் இங்கிலாந்து ஓர்டினரியேற்றுக்கு உரியது. அந்த ஓர்டினரியேற்றில் உறுப்பினராகப் பதிய மருமகளுக்கு உரிமையுண்டு. பிறவிக் கத்தோலிக்கர் தனியாகப் பதிய இயலாது, ஆனால் குடும்பத்தில் ஒருவர் உறுப்பினரானால் மகனும் சேரலாம். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களைக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.