மரச் சங்கும் பன்னிருமுகியும்: கேட்டவர்களுக்குப் பதில்

மரத்தில் பன்முகத் திண்மங்கள், சங்கு, நத்தை ஓடு போன்ற வடிவங்கள் செய்வது பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கதவு நிலைக்கு எந்த மரம், கட்டிலுக்கு எந்தக் கறையான் மருந்து என்று கேட்டவர்களுக்கு மொறட்டுவையில் எந்தப் பட்டறையிலும் என்னைவிட நல்ல பதில் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கீழே எழுதுகிறேன். தூசு முகமூடி வீட்டில் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, மாணவி): சேர், நோட்டிலஸ் என்ற கடலுயிரின் ஓடு போன்ற சுருளைச் சிறு மரத்துண்டுகளை ஒட்டிச் செய்ய ஆசை. ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: பிள்ளை, சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். இந்த வேலையின் உயிரே அந்தப் பெருக்கம்தான். நோட்டிலஸ் ஓடு ஒரு முழுச் சுற்று முடியும்போது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. சுற்றுக்கு 24 துண்டுகள் என்று வைத்தால், ஒவ்வொரு துண்டும் முந்தியதைப் போல 1.047 மடங்கு. 20 மில்லிமீற்றர் அகலத்தில் தொடங்கும் ஓட்டுக் குழல் ஒரு சுற்றில் 60, இரண்டாம் சுற்றில் 180. இதைத் துண்டு துண்டாகக் கணக்கிடாதீர்கள். போட்டோப் பிரதி இயந்திரத்தில் 105 வீதம் என்று பெரிதாக்கிக்கொண்டும் போகாதீர்கள். 24 முறை பெருகும்போது மூன்று மடங்கு என்பது மூன்றேகாலுக்குக் கிட்டப் போய்விடும். பெரிய கடதாசியில் 15 பாகைக்கு ஒன்றாக 24 ஆரக்கோடுகள் போட்டு, முழுச் சுருளையும் ஒரே படமாக வரைந்து, அந்தப் படத்தை வெட்டித் துண்டுகளில் ஒட்டுங்கள்.

அடுத்தது எல்லோரும் வழுக்கும் இடம். 15 பாகை ஆப்பு என்றவுடன் இரு பக்கமும் ஏழரை ஏழரை என்று வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டினால் வருவது வட்டம்; சுருள் வராது. இந்தச் சுருள் ஆரக்கோட்டை எங்கும் ஏறத்தாழ 80 பாகையில் சந்திக்கிறது. ஆகவே துண்டின் வெளி விளிம்பு செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும். முழுப் படமாக வரைந்திருந்தால் அந்தச் சாய்வு தானாகவே வந்துவிடும்.

மரத்தின் இழை குழலின் போக்கிலேயே ஓடட்டும். அப்படி வைத்தால் ஒட்டும் முகங்கள் இரண்டும் இழை முனைகளாக இருக்கும். அவை பசையை உறிஞ்சிவிடும். முதலில் நீர் சேர்த்த வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி ஊறவிட்டு, பிறகு கெட்டியான பசையைப் பூசி இறுக்குங்கள். உள்ளே குடைவதாக இருந்தால் ஒட்டுமுன் ஒவ்வொரு துண்டிலும் சிறிய முகத்தின் அளவுக்குத் துளையிட்டு, பெரிய முகத்தின் பக்கம் அரைவட்ட அரத்தால் அகலப்படுத்துங்கள். ஒட்டிய பிறகு கை உள்ளே போகாது. நடுவிலுள்ள கடைசி அரைச் சுற்றைத் துண்டுகளால் செய்ய முடியாது. ஒரே கட்டையில் செதுக்கிப் பொருத்துங்கள். விரல் நகமளவு துண்டை இயந்திர வாளுக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். கைவாள் போதும்.

கேள்வி (தெமட்டகொட): பன்னிருமுகி (பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மம்) செய்தேன். பதினொரு முகம் சேர்ந்தது, பன்னிரண்டாவது உள்ளே போகவில்லை. ஏன்?

பதில்: பிழை பன்னிரண்டாவது முகத்தில் இல்லை. முந்தைய பதினொன்றிலும் சிறிது சிறிதாக இருந்தது அங்கே வந்து கூடியிருக்கிறது. பன்னிருமுகியில் அடுத்தடுத்த இரு முகங்களுக்கிடைக் கோணம் 116.57 பாகை, அதனால் வாளைச் சாய்க்க வேண்டியது 31.72 பாகை. இருபதுமுகிக்கு 20.9, எண்முகிக்கு 35.26, நான்முகிக்கு 54.74. பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் வலையுரு வெட்டி மடித்தோமே, அதே திண்மங்கள்தான். கடதாசிக்குத் தடிப்பு இல்லை என்பதால் அங்கே இந்தத் தொல்லை வரவில்லை.

வாளின் அளவுகோலை நம்பாதீர்கள். பழைய பலகையில் மூன்று ஐங்கோணங்கள் வெட்டி ஓர் உச்சியில் சேர்த்துப் பாருங்கள். உள்விளிம்பில் இடைவெளி தெரிந்தால் சாய்வு மிகை; வெளிவிளிம்பில் தெரிந்தால் குறைவு. மூன்றும் வெளிச்சம் விடாமல் சேரும்வரை நல்ல மரத்தைத் தொடாதீர்கள். பிறகு முகங்களை வெளிப்பக்கம் மேலாகப் பரப்பி ஒட்டுநாடா போட்டு, புரட்டி, பசையிட்டு மடியுங்கள். ஒட்டுநாடாவே இறுக்கியாகிவிடும்.

வளையம் ஒட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். 12 துண்டு வளையத்தில் வெட்டு 15 பாகை, வெட்டு முகங்கள் 24. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிழைத்தால் கடைசியில் 12 பாகை வாய் பிளந்து நிற்கும். வளையத்தில் மட்டும் தப்ப ஒரு வழி உண்டு. இரண்டு அரைவளையங்களாக ஒட்டி, அவற்றின் முனைகளைத் தட்டையான உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து சேர்க்கலாம். பன்னிருமுகியின் இரு பாதிகளும் பல்பல்லாகச் சந்திப்பதால் அந்த வழி அங்கே பலிக்காது.

கேள்வி (பம்பலப்பிட்டி): நோட்டிலஸ் ஓடு பொன் விகிதத்தில் (1.618) அமைந்தது என்கிறார்களே, நீங்கள் மூன்று மடங்கு என்கிறீர்கள்?

பதில்: ஓட்டை அளந்தவர்கள் மூன்றுக்குக் கிட்டச் சொல்கிறார்கள். பொன் விகிதச் சுருள் சுற்றுக்கு 6.85 மடங்கு விரியும். அந்தக் கணக்கில் செய்து பாருங்கள். இரண்டாவது சுற்று மேசையை விட்டு வெளியே போய்விடும். அழகான சுருள்தான், நோட்டிலஸ் இல்லை.

கேள்வி (பலர்): தொடங்க எந்த மரம் நல்லது?

பதில்: செதுக்கிப் பழக, அம்பலாங்கொடையில் முகமூடி செய்கிற கதுரு போன்ற இலேசான மரம். துண்டு ஒட்ட மகோகனி. சுருக்கம் குறைவு, வெட்டும் சுத்தம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமுன் அசிற்றோனில் நனைத்த துணியால் துடைத்து உடனே ஒட்ட வேண்டும். முதிரை செதுக்கி முடித்தால் பட்டுப் போல மின்னும், ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். எந்த மரமானாலும் முகமூடி போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. நான் சொல்வது அம்பலாங்கொடை முகமூடி அல்ல.

கேள்வி (வத்தளை): கருங்காலியில் கோடு வைத்து ஒட்ட ஆசை. எங்கே வாங்கலாம்?

பதில்: கருங்காலி வெட்டத் தடை உண்டு. பழைய தளபாடத்தின் உடைந்த கால் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கறுப்பாக்குங்கள். இரும்புக் கம்பி நாரை வினாகிரியில் சில நாள் ஊறவிட்டு வடியுங்கள். மரத்தில் முதலில் கடுந்தேநீர் பூசிக் காயவிட்டு, மேலே அந்த நீரைப் பூசினால் கண்முன்னே கறுக்கும். தேயிலைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): பூசை அறைக்கு வலம்புரிச் சங்கு ஒன்று மரத்தில் செதுக்கினேன். பார்த்த உறவினர் இது சாதாரணச் சங்கு என்கிறார். எப்படி நிச்சயிப்பது?

பதில்: சங்கின் சுருள்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்க இருக்கட்டும். வாய் உங்கள் இடப்பக்கம் இருந்தால் வலம்புரி. வலப்பக்கம் இருந்தால் சாதாரணச் சங்கு. கடையில் வாங்கிய சங்கைப் பார்த்துச் செதுக்கியிருந்தால் உறவினர் சொன்னதுதான் சரி. அடுத்ததற்கு, வரைந்த மெல்லிய தாளைப் புரட்டிப் போட்டு மரத்தில் பதியுங்கள்.

கேள்வி (தெகிவளை, ஊர் மன்னார்): சேர், தலைகீழாகச் சொல்லிவிட்டீர்கள். வலப்பக்கம் வாய் இருப்பதுதான் வலம்புரி. எங்கள் பக்கத்தில் சங்கு குளித்தவர்கள் அப்படித்தான் காட்டினார்கள்.

பதில்: நீங்களும் நானும் ஒரே சங்கைத்தான் சொல்கிறோம், தம்பி. அவர்கள் நீர் ஊற்றும் முனையை மேலே பிடித்துக் காட்டியிருப்பார்கள். நான் சுருள்முனையை மேலே வைத்தேன். வாய் உங்களைப் பார்த்தபடியே சங்கைத் தலைகீழாக்குங்கள், இடம் வலமாகும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, உயிரியல் ஆசிரியை): விலங்கியலில் சுருள்முனை மேலே வைத்துத்தான் பார்ப்போம். அப்படியானால் வலம்புரி எங்கள் கணக்கில் இடச்சுருள். மாணவர்கள் குழம்புகிறார்கள்.

பதில்: ஆம் ரீச்சர், உங்கள் கணக்கில் இடச்சுருள்தான். குழப்பம் தீர மேல் கீழ் இல்லாத ஒரு சோதனை சொல்கிறேன். பெட்டியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள். உங்களைப் பார்க்கும் பக்கத்தில் அதன் புரிக்கோடுகள் இடக்கீழிலிருந்து வலமேலாக ஏறுகின்றன. தலைகீழாக்குங்கள், அப்போதும் அப்படியே ஏறும். சாதாரணச் சங்கின் சுற்றுக்கோடுகளும் அதே பக்கம் ஏறுகின்றன. வலம்புரியில் வலக்கீழிலிருந்து இடமேலாக ஏறும். செதுக்குகிறவர்கள் கூம்பில் கடதாசிப் பட்டையைச் சுற்றிக் கோடு போடும்போதே திருகாணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் உறவினர் வாயில் விழ வேண்டியதில்லை.

கேள்வி (தெகிவளை, மீண்டும்): திருகாணி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சங்கை அதை வைத்து அளக்கலாமா?

பதில்: தாராளமாக. திருகாணிக்குச் சாதி சமயம் கிடையாது.

கேள்வி (மட்டக்குளி): என்னிடம் இருக்கும் வலம்புரி உண்மையானதா? பெரிய விலை கொடுத்தேன்.

பதில்: இது மரக் கேள்வி இல்லை, ஆனாலும் பணம் போயிருக்கிறது என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் ஒரு கடல் நத்தை இயல்பாகவே இந்தத் திசையில் சுருளும். அதை வலம்புரி என்று விற்கிறார்கள். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தூணில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் தெரியும். அந்த நத்தையில் அவை கிடையாது. டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி (கிருலப்பனை): நான் செய்த தேக்குத் தட்டுச் சிற்பத்தை மகள் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோனாள். முதல் குளிர்காலத்திலேயே நடுவில் வெடித்துவிட்டது. மரம் காயவில்லையா?

பதில்: அம்மா, மரம் கொழும்புக்குக் காய்ந்திருந்தது, ரொறன்ரோவுக்குக் காயவில்லை. நம் கடற்கரைக் காற்றில் மரம் 15 வீத ஈரத்தில் நிலைகொள்கிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் பத்து வீதம். சூடேற்றிய கனடா வீட்டுக்குள் குளிர்காலத்தில் ஐந்து, ஆறுக்கு இறங்கிவிடும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது, அப்படியிருந்தும் 200 மில்லிமீற்றர் அகலப் பலகை இந்த இறக்கத்தில் இழைக்குக் குறுக்கே மூன்று மில்லிமீற்றருக்கு மேல் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. உங்கள் தட்டைச் சுற்றி வளையம் ஒட்டியிருந்தீர்களா? அந்த வளையம் அசையவில்லை, தட்டு அசைந்தது, நடுவில் பிளந்தது. வார்னிஷ் எத்தனை பூச்சு பூசினாலும் ஈரத்தின் போக்கு வரத்தைத் தாமதப்படுத்தலாம், நிறுத்த முடியாது.

வெளிநாடு போகும் பொருளில் அகலமான முழுப்பலகையை எங்கும் பூட்டி ஒட்டாதீர்கள். தட்டை வளையத்தின் உட்பள்ளத்தில் பசையில்லாமல், சுற்றிலும் இடம் விட்டு, அசையும்படி உட்கார வையுங்கள். வெட்டிய துண்டுகளை ஒட்டுமுன் சில வாரம் குளிரூட்டிய அறையில் போட்டு வையுங்கள். வெடித்ததை இப்போது பசை நிரப்பி மூட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். கோடையில் மரம் மீண்டும் விரியும்போது வேறோர் இடம் போகும்.

கேள்வி (மூவர் தனித்தனியாக): எந்த இயந்திரம் வாங்குவது?

பதில்: நல்ல கைவாள், இரண்டு உளி, அரைவட்ட அரம், கோணமானி. பழைய சோனகத் தெருவில் ஒரு காலைப்பொழுதில் முடியும். இயந்திரம் பிறகு.

கேள்வி (நுகேகொட): கணினி வெட்டு இயந்திரத்தில் சங்கு வெட்டுவதற்கான கோப்பு தருவீர்களா?

பதில்: அது என் துறை அல்ல. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளில் யாரையாவது கேளுங்கள்.

கேள்வி (களுபோவில): கடைசல் இயந்திரத்தில் கூம்பு கடைகிறேன். கையுறை போடுவது பாதுகாப்புத்தானே?

பதில்: இல்லவே இல்லை. சுழலும் மரம் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். கையுறை, கைக்கடிகாரம், நீண்ட கை, தொங்கும் சாரம் எதுவும் வேண்டாம். முகமூடி வேண்டும்.

கேள்வி (கல்கிசை): பலா மரம் வெட்டிச் சங்கு செய்யலாமா? வளவில் ஒன்று நிற்கிறது.

பதில்: மரம் நல்லது, நிறமும் நன்றாக முதிரும். ஆனால் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1951 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிற்கட்டும், காய் தரும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் பலா நிலைச்சட்டம் கிடைக்கும். ஆணியைப் பிடுங்கிவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): வலம்புரி எந்தப் பக்கம் என்று…

பதில்: மேலே இருக்கிறது. திருகாணி எடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, மீண்டும்): சேர், திருகாணியோடு ஒப்பிட்டேன், சாதாரணச் சங்குதான். உறவினரிடம் என்ன சொல்வது?

பதில்: சாதாரணச் சங்கும் ஊதும் சங்குதான் என்று சொல்லுங்கள். புதிய கட்டை எடுத்தால், தாளைப் புரட்டிய பிறகு அதில் பென்சிலால் "மேல்" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.