விண்வெளியில் இலத்திரன் கற்றை சுடுவதால்தான் வன்னியில் வெள்ளம் வருகிறதா?

விண்வெளியில் கற்றை சுட்டுத்தான் மழையை இறக்குகிறார்கள் என்று சொல்லும் காணொளியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கற்றைக்கும் வெள்ளத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது சித்தப்பா சொன்னார்: "தம்பி, மேல இலத்திரனைச் சுட்டுத்தான் உந்த மழையை இறக்கிப்போட்டாங்கள்." வயல் முழுக்கத் தண்ணிக்குள் கிடந்த மனிதர், கோபிக்க மனம் வரவில்லை. நிவாரணப் பொதி வந்த மட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 1982இல் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து சுட்ட கற்றை 1000 வோல்ட், கூடினால் 100 மில்லிஅம்பியர். பெருக்கினால் 100 வாட். பழைய குண்டு பல்ப் ஒன்றுக்குக் காணும். ஓடம் பறந்தது சுமார் 240 கிலோமீட்டர் உயரத்தில். மழைமேகம் எவ்வளவு எழும்பினாலும் 20 கிலோமீட்டருக்குள்தான்.

"அப்ப ஏன் சுடுறாங்கள்?" என்றார். அருமையான கேள்வி. துருவப் பக்கங்களில் இலத்திரன்கள் தாமாகவே, வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயன்மண்டலத்துக்குள் பாய்ந்து ஒளியையும் ரேடியோ அலைகளையும் கிளப்புகின்றன. எவ்வளவு, என்ன வேகம் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. நாமே சுட்டால் இரண்டும் தெரியும், விளைவை அளக்கலாம். 1985இல் சலஞ்சர் ஓடத்திலிருந்து அயோவா பல்கலைக்கழகத்தின் கருவியொன்றைத் தனியே பறக்கவிட்டுக் கற்றையைச் சுட்டார்கள். இலத்திரன்கள் பூமியின் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி ஓடும். ஓடமும் கருவியும் ஒரே கோட்டுக்கு வந்த நேரம், கற்றை அங்குள்ள மின்னேற்ற வாயுவில் (பிளாஸ்மாவில்) எழுப்பிய, விசிலர் எனப்படும் வகை ரேடியோ அலைகளைக் கருவி பதிந்தது. நம்மூர் மின்னலும் அதே வகை அலையை எழுப்பும். ஸ்பீக்கரில் கொடுத்தால் விசில் போலச் சுருதி மேலிருந்து கீழே இறங்கும்.

நான் விஞ்ஞானி இல்லை, உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். 'யாருக்கோ வக்காலத்து வாங்குகிறான்' என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து முதலில் அந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்த வதந்திகளைப் பள்ளிக்கூடத்திலேயே முறிக்கலாம், ஆனால் வன்னிக்குள் பௌதிகவியலுக்கு ஆள் வந்தால் இடமாற்றம் எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் விடியமுதல் பஸ் பிடித்து ரியூசனுக்குப் போகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு கணிதப் பிரிவு எடுக்கத்தான் ஆசை. அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு அந்தப் பிரிவே இல்லை.